கூட்டாளி கூப்பிட்டான், போலீஸ் பிடித்தது: 'தூண்டிவிட்டார்கள்' என்று சொன்னால் கேஸ் நிற்காதா?

கேள்வி (சுருக்கித் தந்திருக்கிறேன்):

"ஐயா, வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 24 வயது. அறுவடை சீசனில் கதிர் அறுக்கும் மிஷினைப் பேசி வயலுக்குக் கொண்டுவந்து விடும் வேலை. சம்பா அறுப்பு முடிந்தால் கையில் காசு ஓடாது. சில வருடம் முன்பு கூட்டாளிகளோடு கஞ்சா புகைத்தவன்தான், மறைக்கவில்லை. அப்புறம் விட்டுவிட்டான். அவன் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. அவனுடைய பழைய கூட்டாளி ஒருவன், சமீபத்தில் கஞ்சா கேஸில் உள்ளே போய் ஜாமீனில் வந்தவன், பங்குனி முழுக்க வாட்ஸ்ஆப்பில் தொந்தரவு செய்திருக்கிறான். 'ஒரு பார்ட்டிக்கு 2 கிலோ வேண்டும், உனக்குப் பழைய ஆளைத் தெரியுமே, வாங்கிக் கொடு, 3,000 தருகிறேன்' என்று. தம்பி இரண்டு மூன்று தடவை முடியாது என்றவன், கடைசியில் ஒத்துக்கொண்டான். கும்பகோணத்தில் அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பையோடு போய் நின்றால், வாங்க வந்த பார்ட்டியே மஃப்டி போலீஸ். 2.1 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் கூட்டாளியின் பேச்சே இல்லை. ரோந்து போனபோது சந்தேகப்படும்படி நின்றான் என்று இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன், 'இதற்குப் பெயர் என்ட்ராப்மென்ட், இங்கே என்றால் கேஸ் நிற்கவே நிற்காது' என்கிறான். மாமாவோ, 'பையில் என்ன இருந்தது என்றே தெரியாது என்று சொல்லச் சொல்' என்கிறார். எதைச் சொல்வது? அந்தக் கூட்டாளி மேல் புகார் கொடுக்கலாமா?"

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்தில், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், 'என்னைத் தூண்டிவிட்டுப் பிடித்தார்கள், ஆகவே நான் குற்றவாளி இல்லை' என்று தனியாக ஒரு எதிர்வாதம் எழுதப்படவில்லை. அதை மட்டும் நம்பி வழக்கை நடத்தினால் தோற்பீர்கள். அதே சமயம், தூண்டுதல் நடந்ததற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் அது வீண் இல்லை. அது வேறு வாசல் வழியாக உள்ளே வரும். அந்த வாசல் எது என்று சொல்வதற்கு முன்னால் சித்தப்பா மகனின் கதையை முடித்துவிடுவோம்.

அமெரிக்காவில் இந்த வாதம் உண்டு என்பது உண்மை. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில், 1932-இல், சோரெல்ஸ் என்பவரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. சுற்றுலாப் பயணி போல வந்த அதிகாரி, முதல் உலகப் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவு என்று பழைய கதை பேசிப் பேசி, திரும்பத் திரும்பக் கேட்டு, அவரை விஸ்கி வாங்கிவர வைத்தார். உங்கள் தம்பி விஷயத்துக்கு இதைவிட நெருக்கமானது 1958-இல் தீர்ப்பான ஷெர்மன் வழக்கு. போதைப் பழக்கத்திலிருந்து விடுபட ஒரு டாக்டரிடம் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஷெர்மன். அதே டாக்டரிடம் வந்துகொண்டிருந்த இன்னொருவர் அவரோடு பழகி, 'எனக்குச் சிகிச்சை ஒத்துவரவில்லை, தாங்க முடியவில்லை, எங்கேயாவது வாங்கிக் கொடு' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஷெர்மன் பலமுறை தட்டிக்கழித்துவிட்டுக் கடைசியில் வாங்கிக் கொடுத்தார். கெஞ்சியவர் அரசாங்கத்தின் இன்ஃபார்மர், தானும் ஒரு போதைப்பொருள் வழக்கில் சிக்கியிருந்தவர். ஷெர்மன் மேல் பழைய தண்டனைகள் இரண்டு இருந்தன. ஒன்று 9 வருடம் பழையது, இன்னொன்று 5 வருடம் பழையது. அவற்றை வைத்துக்கொண்டு, இவர் விற்கத் தயாராக இருந்த ஆள் என்று சொல்ல முடியாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கு நம்பிக்கை வரும். கொஞ்சம் பொறுங்கள். அங்கே கேள்வி தூண்டினார்களா என்பதோடு முடிவதில்லை. தூண்டப்பட்டவருக்கு முன்பே அந்த மனப்போக்கு இருந்ததா என்பதையும் கேட்பார்கள். இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால் வாதம் அதோடு போயிற்று. 1973-இல் ரஸ்ஸல் வழக்கில், போதைமருந்து தயாரிக்கத் தேவையான, எளிதில் கிடைக்காத ரசாயனத்தையே அரசு ஆள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அப்படியும் ரஸ்ஸல் தப்பவில்லை, ஏனென்றால் அவர் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருந்தவர். உங்கள் தம்பியைப் பார்த்து அந்த ஊர் அரசு வக்கீல் முதலில் கேட்பது, 'உனக்கு அந்தப் பழைய ஆளை எப்படித் தெரியும்? 2 கிலோ எப்படிக் கிடைத்தது?' என்பதாகத்தான் இருக்கும். கூட்டாளி போலீஸ் சொல்லித்தான் செய்தார் என்றும் காட்ட வேண்டும். அவராகச் செய்தது என்றால் அமெரிக்காவிலும் அது என்ட்ராப்மென்ட் ஆகாது. ஆகவே 'நிற்கவே நிற்காது' என்பதெல்லாம் சித்தப்பா மகனின் பாசம்.

இங்கிலாந்தில் இது எதிர்வாதமே இல்லை, வழக்கை நடத்துவதே முறைகேடு என்று சொல்லி நிறுத்திவைக்கும் அதிகாரமாக மட்டும் இருக்கிறது. 2001-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த இரண்டு வழக்குகளில் ஒன்றில், மாறுவேடப் போலீசார் கள்ளச் சிகரெட்டை மலிவாகக் கொடுத்துப் பழகி, ஹெராயின் வாங்கித் தரச் சொல்லி ஒருவரை நச்சரித்திருந்தார்கள். அந்த வழக்கை நிறுத்தியது சரி என்றது சபை. சேர்ந்து வந்த லூஸ்லி என்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் உச்ச நீதிமன்றம் இதை முக்கியமாக லஞ்ச வழக்குகளில் தொட்டிருக்கிறது. விந்தியப் பிரதேச அமைச்சர் ஒருவரின் வழக்கில் 1954-இலேயே, கொடுப்பவரிடம் பணமும் இல்லை, புரட்டும் சக்தியும் இல்லை என்கிறபோது போலீசே பணத்தைக் கொடுத்து லஞ்சம் வாங்க வைப்பதில் எந்த நியாயமும் இல்லை என்று கண்டித்தது. கண்டித்ததே தவிர அமைச்சரை விடுவிக்கவில்லை. 2014-இல் ரஜத் பிரசாத் வழக்கில் அமெரிக்க, ஆங்கிலேயத் தீர்ப்புகளையெல்லாம் அலசிவிட்டு, ஒரு மத்திய அமைச்சருக்குப் பணம் கொடுப்பதை ரகசியமாகப் படம் எடுக்க ஏற்பாடு செய்தவர்கள் மீதான வழக்கையும் ரத்துசெய்ய மறுத்தது. இந்த இரண்டாவது தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டாளி விஷயத்தில் வேண்டியிருக்கும். போதைப்பொருள் வழக்கில் போலீஸ் வாடிக்கையாளர் போலப் போய்ப் பிடிப்பது அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது.

சரி, அப்படியென்றால் அந்த வாட்ஸ்ஆப் செய்திகளால் என்ன பயன்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் ரோந்து என்று இருக்கிறது.

நான் பார்க்கும் கஞ்சா வழக்குகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ரகசியத் தகவல் கிடைத்தது அல்லது ரோந்து போனோம், எங்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்து ஓட முயன்றார், சுற்றி வளைத்தோம், சாட்சிக்கு அழைத்தோம், பொதுமக்கள் யாரும் முன்வரவில்லை, சோதனையிட்டதில் இத்தனை கிராம். போலீஸ் அல்லாத சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் நீதிமன்றம் விடுதலை செய்யாது. போலீஸ் சாட்சியை நம்பியே தண்டிக்கலாம். ஆக, வழக்கின் முழு எடையும் அந்த நாலைந்து காவலர்களின் சொல்லில் நிற்கிறது. அந்தச் சொல் முதல் வரியிலேயே பொய் என்று காட்ட முடிந்தால்? பிடிப்பதற்கு முன் பல நாட்களாகக் கூட்டாளிக்கும் போலீசுக்கும் பேச்சு நடந்திருக்கிறது, இடமும் நேரமும் முன்கூட்டியே பேசப்பட்டவை, 'ரோந்து' நடக்கவே இல்லை என்று ஆவணத்தோடு காட்டினால், பையைப் பிடித்தது, எடை போட்டது, சீல் வைத்தது பற்றி அவர்கள் சொல்லும் மற்றதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வழக்கின் தொடக்கத்தையே அரசுத் தரப்பு மறைத்தது என்பது நம் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு நன்றாகப் பழக்கமான வாதம். அமெரிக்காவில் 'ஆமாம், செய்தேன், ஆனால்...' என்று தொடங்கும் விஷயம், இங்கே 'இவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்' என்பதற்கு ஆதாரமாகிறது.

இங்கேதான் மாமாவின் யோசனையை எடுக்க வேண்டும். 'பையில் என்ன இருந்தது என்றே தெரியாது' என்பதும், 'கூட்டாளி கெஞ்சியதால் கஞ்சா வாங்கிக் கொடுத்தேன்' என்பதும் ஒரே வாயில் வர முடியாது. அமெரிக்காவில் 1988-இல் மேத்யூஸ் வழக்கில், குற்றத்தை மறுத்துக்கொண்டே தூண்டுதல் வாதத்தையும் வைக்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். நம் சட்டத்தில் நிலைமை வேறு. பொருளைக் கைவசம் வைத்திருந்தது நிரூபணமானால், அறிந்துதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 35-ஆம் பிரிவும் 54-ஆம் பிரிவும் வழி செய்கின்றன. அதை உடைக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். 35-ஆம் பிரிவின்படி அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உடைக்க வேண்டும். கூட்டாளி கதையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், தெரிந்துதான் வைத்திருந்தார் என்பதை அரசு வக்கீல் நிரூபிக்க வேண்டிய வேலையே இல்லை. இதையும் மாமா கதையையும் வெவ்வேறு மனுக்களில் எழுதினால் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டுவார். அதோடு, மாமா சொல்வது உண்மையாக இல்லாதபோது அதைச் சொல்லச் சொல்வது சரியும் இல்லை. அந்த வாட்ஸ்ஆப் செய்திகளே அதைப் பொய்யாக்கிவிடும்.

ஆகவே என் யோசனை: ஜாமீன் மனுவில் கூட்டாளி பற்றி ஒரு வரியும் வேண்டாம். முன்வழக்கு இல்லை, நிரந்தர முகவரி உண்டு, எடை வணிக அளவுக்கு மிகவும் கீழே, இவ்வளவு போதும். தம்பி முழுக்கதையையும் சொல்ல வேண்டியது ஒரே ஒருவரிடம், அவருடைய வக்கீலிடம், தனியாக. வக்கீலிடம் சொன்னதை யாரும் வெளியே கேட்க முடியாது. சிறை மனுப் பார்க்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காது இருக்கிறது. நீங்கள் போகும்போது சாப்பாடு, உடம்பு, வீட்டு விஷயம் பேசிவிட்டு வாருங்கள். எந்தக் கதையை எடுப்பது, எப்போது எடுப்பது என்பதைக் குற்றப்பத்திரிகை வந்தபிறகு வக்கீல் முடிவு செய்யட்டும்.

எடை பற்றி ஒரு நல்ல செய்தி. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு என்று கணக்கு. 2.1 கிலோ நடுவில் வருகிறது. தண்டனை 10 ஆண்டு வரை, அபராதம் 1 லட்சம் வரை. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. அதனால் தண்டனை வந்தாலும், முதல் குற்றம், தூண்டிவிடப்பட்டவர், விற்பது தொழில் இல்லை என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவும். தூண்டுதல் வெளிப்படையாகப் பேசப்படும் ஒரே கட்டம் அதுதான். ஜாமீனுக்கும் 37-ஆம் பிரிவின் இரும்புக் கதவு இல்லை, அது வணிக அளவுக்கும் வேறு சில பிரிவுகளுக்கும்தான். ஆனால் நன்னடத்தைச் சட்டத்தில் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 33-ஆம் பிரிவு அதை அடைத்துவிடுகிறது. பழைய பழக்கத்தைச் சொல்லிச் சிகிச்சைக்கு அனுப்பக் கேட்கும் வழியும் சிறு அளவுக்கும் புகைத்த குற்றத்துக்கும் உரியது, 2.1 கிலோவுக்கு இல்லை.

ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். 10 ஆண்டு 'வரை' என்ற தண்டனைக்கு 60 நாள்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பழைய நடைமுறைச் சட்டத்தின் கீழ். அதன் இடத்தில் வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் வாசகம் சற்று மாறியிருப்பதால் அரசுத் தரப்பு 90 என்று வாதாடிப் பார்க்கலாம். பரவாயில்லை, 61-ஆம் நாள் காலையில் மனு கையில் இருக்கட்டும். குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் எங்கே என்று உங்கள் ஊர்க்காரர்கள் குழப்புவார்கள். வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், அந்த மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகும். ஆனால் உங்கள் தம்பி பிடிபட்டது கும்பகோணத்தில், தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே மதுரைக் கிளை. வீடு எங்கே என்பது கணக்கில்லை.

அப்புறம் ஆதாரம். இதில் நேரம்தான் முக்கியம், உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காததும் இதுதான். தம்பியின் போனை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அது பறிமுதல் மகஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் எடுத்திருந்தால் அதுவே ஒரு விஷயம், வக்கீல் உடனே மனுப்போட வேண்டும். அவருடைய வாட்ஸ்ஆப் வேறு கம்ப்யூட்டரிலோ பழைய போனிலோ திறந்திருந்தால் ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அந்தக் கருவியை அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் கொண்டுபோய் நீட்டினால் நீதிபதி திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பாலத்துக்குப் பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். கடைக்காரரிடம் நீங்கள் போய்க் கெஞ்சுவதைவிட, பாதுகாத்து வைக்கச் சொல்லி நீதிமன்றம் வழியாக உத்தரவு வாங்குவது நல்லது. கூட்டாளி, தம்பி, காவலர்கள் ஆகியோரின் அழைப்பு விவரத்தையும் டவர் விவரத்தையும் வரவழைக்க பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவில் மனுப்போடலாம். இன்ஃபார்மர் யார் என்று சொல்லச் சொல்லி போலீசை வற்புறுத்த முடியாது, என்.டி.பி.எஸ். 68-ஆம் பிரிவு அவர்களைக் காக்கிறது. ஆனால் போலீஸ் ஜீப் ரோந்து போனதாகச் சொல்லும் நேரத்தில் அவர்களுடைய போன் எந்த டவரில் இருந்தது என்பதை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜூலை 1-இலிருந்து சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு. அந்த வீடியோவின் நகலை விடாமல் கேளுங்கள். அது எந்த இடத்தில் தொடங்குகிறது, பை ஏற்கெனவே தரையில் இருக்கிறதா, ஓரத்தில் மஃப்டியில் நிற்பவர் யார், அவர் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறதா என்று வக்கீல் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். வீடியோவே இல்லை என்றால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். என்.டி.பி.எஸ். 52-ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுத்தார்களா, பொருள் எத்தனை நாள் ஸ்டேஷனில் கிடந்தது என்பதும் பார்க்க வேண்டியதே. கஜட்டட் அதிகாரி முன் சோதனை கேட்கும், அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவு உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது உடம்பைச் சோதிப்பதற்கு, பையிலிருந்து எடுத்ததற்குப் பெரிதாக உதவாது என்று 2005-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தம்பி எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றியும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம், போலீசிடம் ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் மற்ற அதிகாரிகளிடம் சொன்னதற்கும் இது பொருந்தும் என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

கடைசியாக, கூட்டாளி மேல் புகார். கோபம் எனக்குப் புரிகிறது. சட்டத்திலும் இடம் இருக்கிறது. வாங்கச் சொன்னவர் என்.டி.பி.எஸ். 29-ஆம் பிரிவின்படி உடந்தை, 2014 தீர்ப்பைப் பார்த்தால் 'நான் பிடித்துக்கொடுக்கத்தான் செய்தேன்' என்பது தானாகவே அவரைக் காப்பாற்றாது. ஆனால் இப்போது வேண்டாம். இன்று புகார் கொடுத்தால், தம்பி கஞ்சா வாங்கியது உண்மை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். விசாரணை நடக்கும்போது அவரை நம் தரப்புச் சாட்சியாகக் கூப்பிடுவதா, அழைப்பு விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு காவலர்களைக் குறுக்கு விசாரணை செய்வதா என்பது அப்போது முடிவாகட்டும். அதுவரை அவர் வீட்டு வாசலில் யாரும் போய் நிற்கக் கூடாது. மாமாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரு மனு வந்தால், கிடைத்த ஜாமீனும் ரத்தாகிவிடும்.